பதினெட்டு மணி இருபத்துநான்கு நிமிடம்

ஜூன் 3, செவ்வாய்

புதிய கோப்பு வந்துவிட்டது. ராணுவத்துக்குப் பெரிய சரக்கு பாரசூட், நானூறு எண்ணம். தைக்கும் வேலை நம் தொழிற்சாலையிலேயே நடக்குமா, வெளிக் கம்பெனிக்குப் போகுமா என்று முடிவுசெய்ய ஒரு குழு போட்டிருக்கிறார்கள். ஒரு பாரசூட் தைக்க எத்தனை மணி நேரம் ஆகும் என்று நான் சொல்லவேண்டும். குழு அதை ஏற்றுப் பதிவு செய்த பிறகுதான் வெளிக் கம்பெனியின் உறையைப் பிரிப்பார்கள். யாருடைய நேரம் குறைவோ அவர்களுக்கு வேலை. குழு கூடுவது 25ஆம் தேதி.

"தணிகைவேலன் இருக்கிறப்ப நமக்கென்ன கவலை" என்று ஜி.எம். எல்லார் முன்னாலும் சொன்னார். எட்டு வருடத்துக்கு முன் சின்ன பாரசூட்டுக்கு நான் போட்ட மதிப்பீடு பதினெட்டு மணி இருபத்துநான்கு நிமிடம். அதன் பிறகு ஆயிரத்துநூறு பாரசூட் தைத்தாகிவிட்டது. உண்மையில் ஆன நேரமும் பதினெட்டு மணி இருபத்துநான்கு நிமிடம். வடக்கே உள்ள தொழிற்சாலைகளிலிருந்து ஆட்கள் வந்து என்னிடம் முறை கேட்டுப் போயிருக்கிறார்கள். தற்பெருமை இல்லை, உள்ளதை எழுதுகிறேன்.

வீட்டில் சமையலறை மேடையை உடைக்க ஆரம்பித்தாயிற்று. மேஸ்திரி ஏகாம்பரம் நாலு நாள் என்கிறார். டேப் கூட எடுக்கவில்லை. எப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். "பாத்தா தெரியாதா சார்" என்றார். இப்படி ஆட்களிடம் என்ன பேசுவது?

ஜூன் 5, வியாழன்

முதல் முறை, ஒப்பீடு. பெரிய பாரசூட்டுக்குத் துணி பதினைந்து சதவீதம் அதிகம். பழைய நேரத்தோடு பதினைந்து சதவீதம் சேர்த்தால் இருபத்தொரு மணி பத்து நிமிடம். பத்து நிமிட வேலை. இதையே எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். ஆனால் குழுவுக்கு மூன்று முறைகளில் போட்டுக் காட்டவேண்டும் என்று விதி.

இரண்டாவது முறை, மொத்தத் தையலின் நீளத்தை வைத்துச் சூத்திரம். இருபத்தைந்தரை மணி வருகிறது. சூத்திரம் வெளிநாட்டுக்காரன் போட்டது. அவன் ஊரில் மதியம் தூங்குவார்கள் போல.

ஜூன் 9, திங்கள்

மூன்றாவது முறை, ஒவ்வொரு வேலையாகப் பிரித்துக் கூட்டுவது. வெட்டு, மடிப்பு, ஓரம் என்று மொத்தம் இருபத்திரண்டு படிகள். பதினான்காவது படி கயிறு இணைப்பு. குடைத் துணியின் விளிம்பில் கயிறு வந்து சேரும் இடத்தை நெருக்கித் தைத்து, இழுத்துப் பார்த்து, மேலே இன்னொரு தையல். ஒரு கயிற்றுக்குப் பத்து நிமிடம். புதியதில் நாற்பத்தெட்டு கயிறுகள். அதற்கே எட்டு மணி நேரம்.

மொத்தம் இருபத்தொன்பது மணி.

மூன்று தடவை கூட்டினேன். இருபத்தொன்பதுதான். ஒரே பாரசூட்டுக்கு இருபத்தொன்று, இருபத்தைந்தரை, இருபத்தொன்பது. ஒன்றும் புரியவில்லை.

மேஸ்திரி இன்று வரவில்லை. மனைவி சுகந்தி கூடத்தில் ஸ்டூல் போட்டு அடுப்பை வைத்திருக்கிறாள். ரசத்தில் சிமென்ட் வாசம்.

ஜூன் 10, செவ்வாய்

மூன்றாவது முறையைச் சோதிக்க, பழைய சின்ன பாரசூட்டுக்கே அதைப் புதிதாகப் போட்டுப் பார்த்தேன். அதில் முப்பத்திரண்டு கயிறுகள். வருகிற விடை இருபத்துமூன்று மணி முப்பத்துநான்கு நிமிடம். ஆனால் எட்டு வருடமாகத் தைத்துக்கொண்டிருப்பவர்கள் பதினெட்டு மணி இருபத்துநான்கில் முடிக்கிறார்கள். ஆக, முறைதான் தப்பு.

எட்டு வருடத்துக்கு முன் அதே முறையில்தானே போட்டேன், அப்போது எப்படிச் சரியாக வந்தது? பழைய கோப்பைப் பார்த்தால் தெரியும். பீரோ சாவி கிடைக்கவில்லை. நாளை தேடவேண்டும்.

ஜூன் 12, வியாழன்

இன்னொரு குழப்பம். ஒவ்வொரு பாரசூட்டுக்கும் ஆன நேரத்தைத் தையல் பிரிவு எழுதித்தரும் வேலை அட்டைகளை வரிசையாக அடுக்கி எட்டு வருட நேரத்தையும் வரைபடமாகப் போட்டேன். புது வேலையில் முதலில் நேரம் அதிகம் ஆகும், கை பழகப் பழகக் குறையும். இட்லி சுடுவது முதல் விமானம் கட்டுவது வரை எல்லாவற்றிலும் உண்டு அந்தச் சரிவு. நம் வரைபடத்தில் சரிவே இல்லை. முதல் பாரசூட் பதினெட்டு மணி இருபத்துநான்கு. ஆயிரத்துநூறாவதும் பதினெட்டு மணி இருபத்துநான்கு. ஸ்கேல் வைத்துப் போட்ட கோடு.

முதல் நாளே கை பழகி வந்தவர்களா இவர்கள்?

சாவி கிடைத்தது. இன்று நேரமில்லை. கேஸ் சிலிண்டருக்குப் பதிவு செய்தேன்.

ஜூன் 16, திங்கள்

தையல் பிரிவுக்கே நேரே போனேன், கையில் ஸ்டாப்வாட்சுடன். முப்பத்தொரு பெண்கள். அவர்களுக்கு மேல் சார்ஜ்மேன் பியூலா. பதவியின் பெயர் அப்படி, ஆள் பெண். ஐம்பது வயது இருக்கும், குரல் உயராது, மூக்குக் கண்ணாடி எப்போதும் நெற்றியில்.

"வாங்க சார். வர்றீங்கன்னு சொல்லியிருந்தா சேர் போட்டிருப்போமே."

ஒரே பாரசூட்டின் பின்னால் போனால் இரண்டு நாளுக்கு மேல் ஆகும் என்பதால், ஒவ்வொரு மேசையிலும் அப்போது இருந்த சின்ன பாரசூட்டை வைத்துப் படிப்படியாக நேரம் எடுத்தேன். வெட்டு, மடிப்பு எல்லாம் நிமிடம் பிசகாமல் என் பழைய கணக்குப்படி. பதினான்காவது படிக்கு நீலாவதி என்ற பெண்ணின் மேசைக்கு வந்தேன். வலது மணிக்கட்டில் துணி சுற்றியிருந்தாள். அவள் ஒரு கயிற்றை எடுத்தாள், தைத்தாள், இழுத்துப் பார்த்தாள், மறுபடி தைத்தாள். பத்து நிமிடம். "முடிஞ்சுது சார்" என்று அடுத்த மேசைக்குத் தள்ளினாள். பதினான்காவது படி, பத்து நிமிடம் என்று எழுதிக்கொண்டேன்.

அந்தப் பாரசூட்டின் மற்ற முப்பத்தொரு கயிறுகளும் ஏற்கெனவே தைத்தாகியிருந்தன. எப்போது தைத்தவை என்று கேட்க வாயெடுத்தேன். டீ வந்தது. மறந்துவிட்டது.

ஜூன் 17, செவ்வாய்

ஸ்டாப்வாட்ச் கணக்கும் பதினெட்டு மணி இருபத்துநான்கு நிமிடம். திருப்தியாக இருக்கவேண்டும். இல்லை. ஏன் என்று தெரியவில்லை.

ஜூன் 18, புதன்

மேடைக்குக் கல் மாறி வந்துவிட்டதாம். கடைக்குப் போன் பேசிப் பேசி என் ஐந்து மணி ஐந்து நிமிட ரயிலைக் கோட்டைவிட்டேன். அரக்கோணத்துக்கு அடுத்த வண்டி ஆறு நாற்பது. பெண்கள் பெட்டிக்கு அடுத்த பெட்டியில் ஏறினேன். நடுவில் கம்பிதான் தடுப்பு. அந்தப் பக்கம் தையல் பிரிவு மொத்தமும் உட்கார்ந்திருந்தது. பாதிப் பேர் தூக்கம். நீலாவதி மணிக்கட்டில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

வேலை முடிந்து சங்கு ஊதுவது நாலே முக்காலுக்கு. இவர்களுக்கு ஓவர்டைம் கிடையாது, அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போடுபவர்களில் நானும் ஒருவன்.

"இவ்வளவு நேரமா என்ன பண்ணீங்க?" என்று பியூலாவைக் கேட்டேன்.

"சும்மா பேசிக்கினு இருந்தோம் சார்."

"முப்பத்தொரு பேருமா?"

"பொம்பளைங்களுக்குப் பேச்சுக்கா பஞ்சம்" என்றார். அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. ரயில் ஒரு சிக்னலில் வெகுநேரம் நின்றது. நின்றுகொண்டிருந்தபோது அவராகவே பேசினார்.

"மொத ரெண்டு வருஷம் ஏழு அம்பது வண்டி சார். அப்பறம் ஏழு பத்து. இப்பத்தான் நாலு வருஷமா ஆறு நாப்பதுக்கு வந்திருக்கோம். கை பழகிப் போச்சு."

ஏழு ஐம்பது, ஏழு பத்து, ஆறு நாற்பது. வரைபடத்தில் நான் தேடிய சரிவு இவர்கள் ரயில் நேரத்தில் இருந்தது. வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துவிட்டேன். வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று சுகந்தியிடம் சொன்னேன்.

ஜூன் 19, வியாழன்

பழைய கோப்பைத் திறந்தேன்.

பதினான்காவது படி: கயிறு இணைப்பு, பத்து நிமிடம். ஒரு கயிற்றின் நேரத்தை எழுதிவிட்டு, முப்பத்திரண்டால் பெருக்காமல் அப்படியே மொத்தத்தில் கூட்டியிருக்கிறது. தட்டச்சுப் பிழையாகத்தான் இருக்கவேண்டும். அப்போது தட்டச்சு செய்த அம்மாள் ஓய்வுபெற்றுப் போய்விட்டார்.

ஜூன் 20, வெள்ளி

நேற்று எழுதியது சரியில்லை. கையால் எழுதிய மூலப் பிரதியும் கோப்பில் இருக்கிறது. அதிலும் பத்து நிமிடம்தான். என் கையெழுத்து.

ஐந்து மணி பத்து நிமிட வேலையை நான் மதிப்பீட்டில் விட்டுவிட்டேன். அதை இவர்கள் சங்கு ஊதிய பிறகு உட்கார்ந்து செய்திருக்கிறார்கள். என் மதிப்பீடு பிசகாமல் போனதற்கு இதுதான் காரணம்.

பியூலாவை என் அறைக்குக் கூப்பிட்டேன். உட்காரச் சொன்னேன்.

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"மொத வாரமே தெரியும் சார். முப்பத்திரண்டு கயித்துக்கு ஒரு கயித்து டைம் குடுத்திருந்தீங்க."

"சொல்லியிருக்கலாமே மேடம்."

அவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி என்னைப் பார்த்தார். "எழுதிக் குடுத்தோமே சார். நானே வந்து உங்க டேபிள்ல வெச்சேன். பதில் வரல. அதுக்குள்ள ஜி.எம். ஆபீஸ்லேர்ந்து, நேரம் தாண்டிச்சுன்னா வேலை வெளிய போயிடும்னு சர்குலர் வந்துச்சு. அப்பறம் என்ன பண்றது?"

"அட்டைல உண்மையான நேரத்தை எழுதியிருந்தா..."

"வேலை போயிருக்கும் சார். முப்பத்தியொரு குடும்பம்."

அவர் போன பிறகு கோப்பைக் கடைசிவரை புரட்டினேன். கடிதம் இருக்கிறது. கோடு போட்ட தாள், பியூலாவின் கையெழுத்து, நாலே வரி. ஓரத்தில் பச்சை மையில் 'பார்த்தேன்' என்று எழுதி, தேதியும் இனிஷியலும். என் இனிஷியல் போலத்தான் இருக்கிறது.

ஜூன் 22, ஞாயிறு

மேஸ்திரி வந்தார். மேடையின் ஒரு பக்கம் நின்றிருக்கிறது. "ஊருக்கெல்லாம் நேரம் போட்டுக் குடுக்குறீங்க, நம்ம வீட்டு மேடைக்கு ஒண்ணு போடுங்க பார்ப்போம்" என்றாள் சுகந்தி. வழக்கமான கேலிதான். எனக்கு ஏன் அவ்வளவு கோபம் வந்தது என்று தெரியவில்லை. தம்ளரை வேகமாக வைத்துவிட்டேன்.

ஓய்வுக்குப் பதினான்கு மாதம் இருக்கிறது. கடிதத்தை வேண்டுமென்றே மறைத்தான் என்று விசாரணை வைத்தால் அது முடிவதற்குள் நான் வீட்டுக்கு வந்துவிடுவேன், நல்ல பேர் மட்டும் கூட வராது.

ஜூன் 23, திங்கள்

அது என் இனிஷியல்.

படித்தேனா, படிக்காமலே போட்டேனா என்று நினைவில்லை. ஒரு நாளைக்கு நாற்பது தாள் வரும். படித்திருந்தால் திருத்தியிருப்பேன். திருத்தியிருப்பேனா? அந்த வாரம்தான் தலைமையகத்தில் பாராட்டுக் கடிதம் கொடுத்தார்கள்.

ஜூன் 25, புதன்

குழு கூடியது. ஜி.எம். தலைமை. ராணுவத்திலிருந்து ஒரு கர்னல், நிதிப் பிரிவிலிருந்து ஒரு அம்மாள்.

மூன்று முறைகளையும் காட்டினேன். இருபத்தொன்பது மணி என்பதே என் முடிவு என்றேன். பழைய மதிப்பீட்டில் ஒரு பிழை இருந்தது, ஒரு கயிற்றின் நேரம் மட்டுமே கணக்கில் வந்திருந்தது, பெண்கள் வேலை நேரத்துக்குப் பிறகு உட்கார்ந்து மீதியைத் தைத்திருக்கிறார்கள், அட்டையில் அது இல்லை என்றும் சொன்னேன்.

கர்னல் அட்டைகளின் சுருக்கத்தைப் புரட்டினார். "ஆயிரத்துநூறு பாரசூட். ஒண்ணு கூட உங்க நேரத்தைத் தாண்டல. இப்படி ஒரு ரெக்கார்டை நான் எங்கயும் பார்த்ததில்ல. இதைத் தப்புன்னு நீங்களே சொல்றீங்க."

"அதனாலதான் சார் சொல்றேன். இவ்வளவு சரியா வரவே கூடாது."

ஜி.எம். சிரித்தார். "ஓய்வு நெருங்குது, கொஞ்சம் அதிகமாவே ஜாக்கிரதையா இருக்கார்."

"மிஸ்டர் தணிகைவேலன், போன வாரம் நீங்களே ஸ்டாப்வாட்ச் வெச்சு எடுத்தது பதினெட்டு மணி இருபத்துநாலு நிமிஷம்தானே" என்றார் நிதிப் பிரிவு அம்மாள். "பெண்கள் ரயிலுக்காகக் காத்திருக்கலாம். பிழைன்னா எழுத்துல ஏதாவது ஆதாரம் இருக்கா?"

இருந்தது. பியூலாவின் கடிதம் என் பைக்குள் இருந்தது, ஓரத்தில் என் இனிஷியலோடு.

"இல்லை மேடம்" என்றேன்.

என் பழைய மதிப்பீட்டை நம்பி, என் புதிய மதிப்பீட்டைத் தள்ளிவிட்டார்கள். இருபத்தொரு மணி பத்து நிமிடம் என்று பதிவாயிற்று. பிறகு வெளிக் கம்பெனியின் உறையைப் பிரித்தார்கள். இருபத்திரண்டரை மணி. வேலை நம் தையல் பிரிவுக்கே.

கடிதத்தைக் காட்டியிருந்தால் முப்பத்தொரு பெண்களின் வேலை போயிருக்கும். அதனால்தான் காட்டவில்லை. ஆனால் நான் இல்லை என்று சொன்னபோது அந்த உறையை யாரும் பிரித்திருக்கவில்லை. அப்படியென்றால் எதற்காகக் காட்டவில்லை?

ஜூன் 26, வியாழன்

தையல் பிரிவிலிருந்து மைசூர்பாக் கொண்டுவந்தார்கள். "எங்க வேலையக் காப்பாத்திட்டீங்க சார்" என்றாள் ஒரு பெண். எடுத்துக்கொண்டேன். அவர்கள் எதிரிலேயே சாப்பிடவேண்டியிருந்தது. நீலாவதி மட்டும் வாசலிலேயே நின்றாள்.

"நாப்பத்தெட்டு கயிறாமே சார்?" என்றாள்.

"ஆமாம்மா."

"திரும்பவும் ஏழு அம்பதுதான்" என்று பக்கத்திலிருந்தவளிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

ஜூலை 4, வெள்ளி

மேடை முடிந்தது. நாலு நாள் என்றது முப்பத்திரண்டு நாள். மேஸ்திரி கொஞ்சம் கூடக் கூச்சப்படவில்லை. "அன்னிக்கு முப்பதுன்னு சொல்லியிருந்தா நீங்க உடைக்கவே விட்டிருக்க மாட்டீங்க சார்" என்றார். சுகந்தி பால் காய்ச்சினாள்.

ஜூலை 21, திங்கள்

பெரிய பாரசூட் தையல் இன்று தொடக்கம். நான் போகவில்லை. தலைவலி.

ஜூலை 29, செவ்வாய்

வேண்டுமென்றே ஆறு நாற்பது வண்டிவரை இருந்து பார்த்தேன். அவர்கள் யாரும் இல்லை. ஏழு பத்திலும் இல்லை. ஏழு ஐம்பதுக்கு வந்தார்கள். நான் பிளாட்பாரத்தின் மறுகோடியில் நின்றுகொண்டேன். பேச்சுச் சத்தமே இல்லை.

ஆகஸ்ட் 11, திங்கள்

முதல் பத்து பாரசூட் முடிந்ததும் அவற்றின் வேலை அட்டைகள் என்னிடம் வரும். அந்த நேரங்களைச் சராசரி எடுத்து, மதிப்பீடு சரி என்று நான் கையெழுத்திடவேண்டும். அது போட்டுவிட்டால் மீதி முந்நூற்றுத்தொண்ணூறுக்கும் அதுதான். சராசரி, மதிப்பீட்டைவிடக் கால்பங்குக்கு மேல் கூடியிருந்தால் கோப்பு மறுபடி குழுவுக்குப் போகும்.

அட்டைகள் வந்தன. 21.10. 21.10. 21.10. ஒன்பது அட்டைகளிலும் இருபத்தொரு மணி பத்து நிமிடம். பத்தாவது அட்டையில் முப்பது மணி இருபது நிமிடம்.

பத்தாவதின் அட்டையில் நேரத்தைக் கூட்டி எழுதியவள் நீலாவதி.

அரை மணி நேரத்தில் பியூலா வந்துவிட்டார், மூச்சு வாங்க. பின்னாலேயே நீலாவதி.

"அந்த ஒரு அட்டைய குடுங்க சார். தப்பா எழுதிட்டா. மாத்திக் குடுத்துடறேன்."

"தப்பா எழுதல" என்றாள் நீலாவதி. பியூலாவிடம்தான் சொன்னாள், என்னிடம் இல்லை. "அக்கா, எட்டு வருஷம் நீங்க சொன்னதத்தான் எழுதினேன். இப்ப கை விரல் மடங்க மாட்டேங்குது. கடைசி ரெண்டு கயிறு சரியா இறுகாம போச்சுன்னா, மேலேர்ந்து விழற சாமான் யார் தலையில விழும்? நாப்பத்தெட்டு கயிறு தெச்சேன், தெச்ச நேரத்த எழுதினேன்."

"இது மேல போச்சுன்னா வேலை வெளிய போயிடும்டீ. உனக்கு மட்டுமா? முப்பது பேருக்கு என்ன பதில் சொல்லுவ?" பியூலா குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. இன்று கேட்டேன். பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க சார். போகுமா, போகாதா?"

"தெரியல மேடம்" என்றேன். "வெளிக் கம்பெனிக்காரங்களும் டெண்டர்ல இருந்த என்னோட பழைய நேரத்த வெச்சுத்தான் அவங்க கணக்கப் போட்டிருப்பாங்க. அவங்களாலயும் அதுல தைக்க முடியாது. குழுவுல அதச் சொல்லுவேன். கேப்பாங்களான்னு தெரியல. போன தடவை கேக்கல."

"அப்ப இந்தத் தடவை மட்டும் ஏன் கேக்கப் போறாங்க?"

பையிலிருந்து அவர் கடிதத்தை எடுத்து மேசையில் வைத்தேன். அவர் முதலில் தன் கையெழுத்தைப் பார்த்தார். பிறகு ஓரத்துப் பச்சை மையைப் பார்த்தார்.

"படிச்சீங்களா சார், அப்ப?"

"பார்த்தேன்னு எழுதியிருக்கு. இது அன்னிக்கும் என் பையிலதான் இருந்துது. குழு கேட்டப்ப இல்லைன்னு சொல்லிட்டேன்."

பியூலா கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். ஒன்றும் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "வா" என்று நீலாவதியைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அட்டையைத் திரும்பக் கேட்கவில்லை. அது சம்மதமா, வெறுத்துப்போய் விட்டதா, எனக்குத் தெரியவில்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

சுகந்தியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "எட்டு வருஷமா எத்தனை பேரு வீட்ல ராத்திரி சாப்பாடு லேட்டு" என்றாள்.

ஆகஸ்ட் 13, புதன்

காலையில் கோப்பை எடுத்து உட்கார்ந்தேன். பியூலாவின் கடிதத்தை முதல் பக்கமாக வைத்துப் பின் அடித்தேன். ஜூன் 25ஆம் தேதி குழுவிடம் நான் சொன்னது பொய் என்று தனித்தாளில் எழுதி அதன் கீழே வைத்தேன். எழுத்து தெளிவாகத்தான் இருக்கிறது.

பிறகு அட்டைகள். பத்து எண்களில் ஒன்று மட்டும் மற்றவற்றிலிருந்து வெகுவாக விலகியிருந்தால், அதைத் தள்ளிவிட்டு மீதியைச் சராசரி எடுப்பதுதான் முறை. முப்பது வருடமாக அப்படித்தான் செய்துவருகிறேன். சிவப்புப் பேனாவை எடுத்தேன். இருபத்தொரு மணி பத்து நிமிடம் என்று எழுதிய ஒன்பது அட்டைகளையும் ஒவ்வொன்றாகக் குறுக்கே அடித்தேன். மீதி ஒன்று. சராசரி, முப்பது மணி இருபது நிமிடம் என்று எழுதி, கீழே முழுப்பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.